ராக்காயி குதிக்கவில்லை எனப் பதியக் கோருதல்

அனுப்புபவர்:
ஆ. பழனியாண்டி,
ஓய்வுபெற்ற கான் வெட்டுத் தொழிலாளி,
ஆறாம் லயம், நான்காம் காம்பரா,
மேற்பிரிவு, மூங்கில்மலைத் தோட்டம்,
பொகவந்தலாவை.

பெறுபவர்:
உயர்திரு அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டக் கச்சேரி,
கலுகல்வெல்லை.

பொருள்: 1961ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் திகதி கலுகல்வெல்லைக் கடலோரத் தேசிய வனத்தின் மூன்றாவது பார்வை முனையிலிருந்து விழுந்து இறந்த என் மனைவி ராக்காயியின் மரணப் பதிவில் ‘தற்கொலை’ என்று எழுதப்பட்டிருப்பதைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனு என் கையாலேயே எழுதப்படுகிறது. எழுத்துகள் பெரிதாகவும் சில இடங்களில் கோட்டைத் தாண்டியும் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வயது அறுபத்தாறு. எழுதப் பழகி ஓராண்டும் பத்து மாதங்களும் ஆகின்றன. எங்கள் பஸாரில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போயிருந்தால் ஒரே பக்கத்தில் முடித்திருப்பார். அந்த ஒரு பக்கத்தில் என் மனைவி அடங்க மாட்டாள் என்பதால் நானே எழுதுகிறேன். நாளுக்குப் பத்து வரி எழுத முடிகிறது. இன்று பதினோராவது நாள், இன்னும் முதல் பத்தியில்தான் இருக்கிறேன், ஏனென்றால் முதல் பத்தியை ஏழு தடவை திரும்ப எழுதினேன். அதில் எனக்கு அலுப்பு இல்லை. எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறது என்பதை இப்படிப்பட்ட மனுவில் சொல்வது தகாது. ஆனாலும் அது உண்மை.

1. நான் பிறந்தது மூங்கில்மலைத் தோட்டம். ராக்காயி பிறந்ததும் அதே தோட்டம், கீழ்ப்பிரிவு. நான் பன்னிரண்டு வயதில் பேர் பதிந்து அறுபது வயது வரை வேலை செய்தேன். அதில் முப்பத்தெட்டு வருடம் கான் வெட்டும் கூட்டத்தில் இருந்தேன். மழைத் தண்ணீர் தேயிலை மலையின் மண்ணை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க வெட்டும் வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்கிறோம். ராக்காயி நாற்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தாள். எங்களுக்கு ஒரே மகள், லெட்சுமி. அவள் 1958இல் புருஷன் பிள்ளைகளோடு இந்தியா போய்விட்டாள். நாங்கள் போகவில்லை. இந்த நாட்டுப் பிரஜை அல்ல என்று எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. இறந்தவளைப் பற்றிய உண்மையைக் கேட்பதற்குப் பிரஜாவுரிமை வேண்டியதில்லை என்று எண்ணியே தங்களுக்கு எழுதுகிறேன்.

2. பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பொன்னையா என்பவர் ஒவ்வொரு வருடமும் கதிர்காமத் திருவிழாவுக்கு பஸ் பேசி ஆட்களை அழைத்துப் போவார். 1961இல் நாங்களும் சேர்ந்தோம். மொத்தம் இருபத்தேழு பேர். தீர்த்தம் முடிந்த மறுநாள் காலை ஊர் திரும்ப வேண்டும். அப்போது பொன்னையா, “சாமியப் பாத்தாச்சு. இவ்வளவு தூரம் வந்து கடலப் பாக்காம மலையேறுனா முருகனே சிரிப்பாரு” என்றார். எங்களில் இருபத்தொரு பேர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. இலங்கையைச் சுற்றிலும் கடல் இருக்கிறது என்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சத்தமாகப் பாடம் சொல்வார்கள். ராக்காயி அதைக் கேட்கும்போதெல்லாம், “நாலு பக்கமும் மலைதான் தெரியுது, இதுங்க என்னா சொல்லுதுக” என்பாள். ஆகையால் கலுகல்வெல்லைக்கு பஸ் திரும்பியது.

3. வனத்தின் வாசலில் எங்களுக்கு வழிகாட்டியாக பியதாச என்பவரை அனுப்பினார்கள். சிங்களவர். கொஞ்சம் தமிழ் பேசுவார். நல்ல மனிதர். அவர்மீது எனக்கு ஒரு புகாரும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். அந்த வனத்தில் நடந்து போய்ப் பார்க்கும் இடங்கள் மூன்று. மூன்றுக்கும் நாங்கள் போனோம். விசாரணை அறிக்கையில், மூன்றாவது முனைக்கு வருவதற்கு முன்பே இறந்தவர் மனம் உடைந்த நிலையில் இருந்தார் என்று எழுதியிருக்கிறது. அதனால் அவள் அன்று மூன்று இடங்களிலும் எப்படி இருந்தாள் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். வழியைப் பற்றியும் கொஞ்சம் எழுதுவேன். அந்த வழி அழகானது. அதை மறைத்து எழுதினால் அன்றைய நாளை மறைத்தது போலாகும்.

4. முதல் இடம், கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்கிய களப்பின் ஓரத்தில் உள்ள ஒரு பாறை. முள் பற்றைகளுக்கும் பாலை மரங்களுக்கும் நடுவே அரை மைல் நடை. தரை சமமாக இருந்தது. எங்களுக்குச் சமதரையில் நடந்து பழக்கமில்லை. ராக்காயி இல்லாத படியில் ஏறுகிறவள் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மூக்கன் பின்னால் வந்தான். “என்னா மதினி, கொழுந்து நெரையில ஏறுற மாதிரி போறீங்க. கூடையத் தூக்கிட்டு வரட்டுமா” என்றான். “நீ ஒன் கால்ல செருப்பு இருக்கான்னு பாத்து நட” என்றாள். அவன் செருப்பு போடாமல்தான் வந்திருந்தான். பாறை மேலே ஏறியபோது களப்பு முழுவதும் பறவைகள். பை போன்ற அலகுள்ள பெரிய வெள்ளைப் பறவைகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் படுத்திருந்தன. கரையில் ஒரு கட்டை கிடந்தது. ராக்காயி அதைக் காட்டி, விறகுக்கு நல்ல கட்டை என்றாள். பியதாச, “அம்மா, அது முதலை” என்றார். அதற்குள் அது கண்ணைத் திறந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பாதிப் பறவைகள் எழுந்து பறந்துவிட்டன. பியதாச உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

5. இரண்டாவது இடம் மணல் மேடு. எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையின் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். ஒரு அடி ஏறினால் அரை அடி வழுக்கும். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் எனக்கு முன்னால் ஏறிப் போய் நின்று, “இந்த மலைக்குக் கான் வெட்ட முடியுமாங்க ஒங்களால? வெட்டுற கையோட மூடிக்கும்” என்றாள். நான் பதில் சொல்வதற்கு முன் அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். 

நானும் ஏறிப் பார்த்தேன். கடல் இருந்தது. அதை எழுத எனக்குத் தெரிந்த எழுத்துகள் போதுமானவையாக இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் விடிகாலையில் பனிமூட்டம் நிறைந்து மலை உச்சிகள் மட்டும் தெரியும் அல்லவா, அந்த மூட்டம் நீலமாகி, உயிரோடு அசைந்து, சத்தமும் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ராக்காயி அழுதாள். எங்களோடு வந்த அழகம்மாவும் அழுதாள். நானும் கண்ணைத் துடைத்தேன். பொன்னையா பத்துத் தடவை கடலைப் பார்த்தவர், அவர் மட்டும் பீடி பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார்.

ராக்காயி அழுததைத் தங்கள் விசாரணைத் தாள் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் பேசியதை எழுதவில்லை. அவள் பியதாசவிடம் இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் எங்கள் முதுகுப் பக்கம், நாங்கள் வந்த காட்டுப் பக்கம் கை காட்டினார். கடல் பக்கம் என்ன ஊர் இருக்கிறது என்று கேட்டாள். ஊரே கிடையாது, பனிக்கட்டி வரும் வரைக்கும் தண்ணீர்தான் என்றார். அவள் என் பக்கம் திரும்பி, “நல்லதாப் போச்சு. இந்தப் பக்கம் லெச்சுமியத் தேட வேணாம். சும்மா தண்ணியப் பாக்கலாம்” என்றாள். மகள் போன மூன்று வருடத்தில் அவள் ஒரு திசையைப் பார்த்து நின்று, அந்தத் திசையில் மகளைத் தேடாமல் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

மணலில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். ரொட்டியில் மணல் இருந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது அவள் பொன்னையாவிடம், “அடுத்த வருசத்துக்கு எங்க ரெண்டு பேருக்கும் எடம் போட்டு வைங்க. சன்னல் பக்கமா” என்றாள். “மொதல்ல இந்த வருசம் ஊர் போய்ச் சேருவோம்” என்றார் பொன்னையா. இதற்கு பொன்னையாவும் அழகம்மாவும் சாட்சி. அடுத்த வருடத்துக்கு இடம் கேட்டவள் அரை மணி நேரத்தில் சாக முடிவு செய்தாள் என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்பவரும் என்னைப் போலவே விசாரிக்காமல் வாய் திறக்கிறார் என்றுதான் நான் நினைப்பேன்.

6. மூன்றாவது இடம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. மணல் மேட்டிலிருந்து கரையோரமாக ஒரு மைல். வழி மெதுவாக உயர்ந்து போகிறது. ஒரு பக்கம் தாழ்ந்த மரங்கள், காற்றுக்குப் பயந்து எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தவை. மறு பக்கம் கடல். பொன்னையாவும் அழகம்மாவும் மற்றவர்களும் பியதாசவோடு முன்னால் போனார்கள். நானும் ராக்காயியும் மெதுவாக வந்தோம். எங்களுக்கும் பின்னால் மூக்கன் காலில் முள் ஏறி உட்கார்ந்துவிட்டான். பியதாச முன்னால் போனவர்களை முனையில் நிறுத்தி, அங்குள்ள பலகையையும் குச்சிகளையும் காட்டி, இதைத் தாண்டாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். பிறகு மூக்கனைப் பார்க்க எங்களைக் கடந்து திரும்பி ஓடினார். ஓடும்போது, “மெதுவா வாங்க, மெதுவா வாங்க” என்றார். நாங்கள் முனைக்கு வந்தபோது முன்னால் போனவர்கள் காற்றுக்கு ஒதுங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

பலகை சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதப்பட்டிருந்தது. அதில் தமிழ் இல்லாததே காரணம் என்று எழுதும்படி சிலர் எனக்குச் சொன்னார்கள். தமிழ் இருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் தமிழில் இருந்திருந்தாலும் அன்று எங்கள் இருவருக்கும் அது மரப்பலகைதான். ஆகையால் அதை நான் காரணமாகச் சொல்லவில்லை. பலகைக்கு அப்பால், விளிம்பிலிருந்து சுமார் பத்தடி உள்ளே, வரிசையாகக் குச்சிகள் நட்டிருந்தன. இடுப்பு உயரம். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. இந்த மனுவின் முக்கியமான விஷயம் அந்தத் துணிதான். இதை ஆறுதலாக, அவசரமின்றி வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

7. எங்கள் தோட்டத்தில் சில மலைகள் மிகவும் சரிவானவை. பெருமழைக்குப் பிறகு அங்கே மண் இளகியிருக்கும். கால் வைத்தால் தேயிலைச் செடியோடு சேர்ந்து ஆளும் பள்ளத்துக்குப் போக வேண்டியதுதான். அப்படி இரண்டு பெண்கள் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. மழை விட்டதும் பெண்களை மலைக்கு அனுப்பமாட்டார்கள். கான் வெட்டும் ஆண்கள் முதலில் போவோம். அலவாங்கு என்ற கடப்பாரையால் குத்திப் பார்ப்போம். மிதித்துப் பார்ப்போம். தண்ணீருக்கு வழி வெட்டுவோம். நிலம் தாங்கும் என்று நிச்சயமான இடத்தில் வெள்ளைத் துணி கட்டிய குச்சியை நடுவோம். குச்சி இல்லாத மலைக்குப் பெண்கள் போகக்கூடாது. குச்சி இருந்தால் அதற்கு அப்பால் தைரியமாகப் போகலாம். கங்காணி வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மூட்டம் மூடிய காலை நேரத்திலும் வெள்ளைத் துணி தெரியும். அதைப் பார்த்துத்தான் எங்கள் பெண்கள் கால் வைப்பார்கள். பக்கத்துத் தோட்டங்களில் வேறு வழக்கம் இருக்கலாம். மூங்கில்மலையில் இதுதான்.

அந்தக் குச்சிகளை முப்பத்தெட்டு வருடம் நட்டவர்களில் நான் ஒருவன். என் குச்சியைத் தாண்டிப் போய் ஒரு பெண்ணுக்கும் கால் இடறியதில்லை. ராக்காயி அதை மற்றப் பெண்களிடம் பெருமையாகச் சொல்வாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னிடம் சொன்னதில்லை.

இது எங்கள் இருவருடைய மூடத்தனம் மட்டும் அல்ல என்பதற்கு அழகம்மாவின் வார்த்தையைத் தருகிறேன். அவளும் எங்கள் மேற்பிரிவில் கொழுந்து எடுப்பவள். பின்பு அவள் பியதாசவைக் குறித்து என்னிடம், “அந்தாளு சொல்லலேன்னா நானும் போயிருப்பேண்ணே. துணியப் பாத்தோன கால் தானா முன்னுக்குப் போச்சு” என்றாள். இதை அவள் எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்லுவாள்.

8. கீழே அலை உடையும் சத்தம் கேட்டது, அலை தெரியவில்லை. நுரை மட்டும் விளிம்புக்கு மேலே தூக்கி எறியப்பட்டது. ராக்காயி குச்சி வரைக்கும் போய் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்து, “கிட்டப் போய்ப் பாக்கவாங்க?” என்று கேட்டாள்.

ஐயா, இந்த வரியை எழுத எனக்கு நான்கு நாட்கள் ஆயின. எழுத்து வராததால் அல்ல.

நான் குச்சியைப் பார்த்தேன். துணியைப் பார்த்தேன். என்னைப் போல ஒருவன் வந்து மிதித்துப் பார்த்துத்தான் நட்டிருப்பான் என்று எண்ணினேன். எண்ணினேன் என்று சொல்வதும் பொய். எண்ணவே இல்லை. “குச்சி நட்டிருக்குல்ல, போ” என்றேன்.

அவள் போனாள். மூன்று அடி வைத்தாள். நாலாவது அடியில் நிலம் இல்லை. அந்த இடத்தில் கடல் அடியைத் தின்றுவிட்டு மேலே மண்ணை மட்டும் விட்டு வைத்திருந்தது என்று பிறகு பியதாச எனக்குச் சொன்னார். மரத்தடியிலிருந்து பொன்னையா எங்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. அவளும் கத்தவில்லை. கத்துவதற்கு நேரம் இருக்கவில்லை. மறுநாள் காலை மீன் பிடிப்பவர்கள் அவளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மலைக்குக் கொண்டுபோக வழி இல்லை. அங்கேயே ஊருக்கு வெளியே அடக்கம் செய்தோம்.

9. பஸ் அன்று மாலையே மற்றவர்களோடு திரும்பிவிட்டது. நானும் மூக்கனும் மட்டும் தங்கினோம். மறுநாள் மரண விசாரணை செய்தவர் சிங்களத்தில் கேட்டார். ஒரு பொலிஸ்காரர் தமிழில் சொன்னார். குச்சிகளை அவள் பார்த்தாளா என்று கேட்டார்கள். பார்த்தாள் என்றேன். பார்த்த பிறகும் தாண்டிப் போனாளா என்று கேட்டார்கள். போனாள் என்றேன். அவளுக்குக் கவலை ஏதும் இருந்ததா என்று கேட்டார்கள். லயத்தில் கவலை இல்லாத பெண் யார் என்று நினைத்து, மகள் இந்தியா போன கவலை உண்டு என்றேன். அன்று அழுதாளா என்று கேட்டார்கள். அழுதாள் என்றேன். நான்கு பதில்களும் உண்மை. அவை அந்தத் தாளில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டபோது, மகளை நினைத்து அழுது, ஆபத்து என்று தெரிந்தும் தாண்டிப் போய்க் குதித்தாள் என்று ஆகிவிட்டது. கேட்டவர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வெள்ளைத் துணிக்கு எங்கள் மலையில் வேறு பொருள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? போகச் சொன்னது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தத் தாளின் அடியில் இருப்பது என் கைநாட்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே வைத்தேன்.

10. மரணச் சான்றிதழ் 1962 பங்குனியில் தோட்டத்து ஒபீசுக்கு வந்தது. அங்குள்ள கிளார்க் அதை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. லயத்துக்கும் தெரிந்தது.

இறந்தவர்களுக்குத் தீபாவளிக்கு முதல் நாள் இலை போட்டுப் படைப்பது எங்கள் வழக்கம். 1961இல் அவளுக்கு இலை போட்டோம். 1962இல் நான் அவளுக்கு இலை விரித்தபோது அவளுடைய தம்பி வீரய்யா அதை எடுத்து மடித்தான். “தானாப் போனவளுக்கு எல கெடையாது மச்சான். எங்கக்காதான். இருந்தாலும் கெடையாது” என்றான். சொல்லிவிட்டு வெளியே போய் அழுதான். அவன் கெட்டவன் அல்ல. சான்றிதழை நம்பினான். சென்ற வருடமும் அவளுக்கு இலை இல்லை. மற்றவர்களுக்குப் படைத்ததை நான் சாப்பிடவில்லை.

11. அப்போதே ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கலாம். வாய் வரவில்லை என்று முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். சரியான பதில் இதுதான்: அவள் தானாகக் குதித்தாள் என்று ஊர் பேசியபோது, என் மனதின் ஒரு மூலையில் எனக்கு அது சௌகரியமாக இருந்தது. போகச் சொன்னவன் என்று இருப்பதைவிட, விட்டுவிட்டுப் போனவளின் புருஷன் என்று இருப்பது லேசாக இருந்தது. வீரய்யா இலையை மடித்தபோதும் நான் பேசாமல் நின்றேன். அவள் உயிரோடு இருந்தபோது நான் அவளுக்கு அப்படி ஒரு துரோகம் செய்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே படிப்பிக்கும் சிவனேஸ்வரி டீச்சர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டேன். ஏன் இந்த வயதில் என்று அவர் கேட்கவில்லை. “சிலேற்றோ கொப்பியோ, எது வேணும் ஐயா?” என்றுதான் கேட்டார். பேசும்போது அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுதினால் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் போனேன். ஆனால் போன இடத்தில் எனக்கு நேர்ந்தது வேறு. ராக்காயி என்று முதல் தடவை எழுதி, எழுதியதை நானே வாசித்த அன்று, வீட்டுக்குப் போகும் வழியில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். மூக்கன் பார்த்துவிட்டு, “அண்ணே, கள்ளுக்கடையா?” என்று கேட்டான். இப்போது பஸ் பலகை, தேயிலைப் பெட்டி, மருந்துப் போத்தல் எதையும் வாசிக்காமல் என்னால் கடந்து போக முடிவதில்லை. அறுபது வருடத்துக்கு மேல் என் முன்னால் இருந்த உலகம் இப்போதுதான் என்னோடு பேசுகிறது. இந்தச் சந்தோஷத்துக்கு எனக்கு அருகதை இல்லை என்று தெரியும். வருகிறது, என்ன செய்ய.

விசாரணை அறிக்கையின் பிரதியை பொன்னையா மூலம் எடுத்து வந்தோம். டீச்சர் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். “நான் வாசிக்கட்டோ, நீங்களே வாசிக்கிறீங்களோ?” என்று கேட்டார். நானே வாசிக்கிறேன் என்றேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அவர் மேசையின் மறு பக்கத்தில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். எட்டாம் பத்தியில் நான் எழுதியதை அவரும் அறிய மாட்டார். இந்த மனுவைத் திருத்தித் தருவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. பிழைகள் இருந்தால் அவை என்னுடையவை.

12. ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

ராக்காயியின் மரணப் பதிவில் உள்ள ‘தற்கொலை’ என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். விபத்து என்று எழுதுவது முறையானால் அப்படி எழுதுங்கள். என் கைநாட்டு உள்ள பழைய வாக்குமூலத்தோடு இந்த மனுவையும் சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். அதை வாசிப்பவர் இதையும் வாசிக்கட்டும். பொன்னையா, அழகம்மா, மூக்கன், பியதாச ஆகிய நால்வரையும் விசாரித்தால் நான் எழுதியதில் பெரும்பகுதி சரி என்று தெரியவரும். எட்டாம் பத்தியில் நான் சொன்ன வார்த்தைக்கு மட்டும் சாட்சி இல்லை. கேட்டவள் போய்விட்டாள். அதற்கு நானே சாட்சி.

மூன்றாவது முனைக்குப் போகும் வழியை மூடிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மலையிலிருந்து ஆட்கள் இன்னும் வருவார்கள், அவர்கள் பார்க்கட்டும். குச்சிகளைப் பிடுங்கிவிட்டுக் கம்பியோ கயிறோ கட்டினால் போதும். கயிற்றுக்கு எங்கள் தோட்டத்திலும் தாண்டாதே என்ற ஒரே பொருள்தான்.

தவறு செய்தவர் பெயர் ஒன்று அந்தப் பதிவில் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டமானால், ‘புருஷன் பழனியாண்டி போகச் சொன்னதால் போனாள்’ என்று எழுதுங்கள். அதற்கு என்ன தண்டனை உண்டோ அதை ஏற்க ஆயத்தமாக இருக்கிறேன். எந்தக் கச்சேரிக்கு வரச் சொன்னாலும் வருவேன். எனக்கு வயதாகிவிட்டது. நான் போன பிறகு ராக்காயி என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்குத் தங்கள் அலுவலகத்தில் இருக்கும் அந்த ஒரு தாளைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது. அதில் அவள் குதித்துக்கொண்டே இருக்கிறாள்.

வருகிற தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. தங்கள் பதில் அதற்கு முன் வந்தால் அதை வீரய்யாவிடம் நானே வாசித்துக் காட்டுவேன். வராவிட்டால், இலை போடும் நாளில் இந்த மனுவின் படியை அவன் முன்னால் எட்டாம் பத்தியிலிருந்து வாசிப்பேன். பதில் அனுப்புவதானால் தோட்டத்து ஒபீசுக்கு அனுப்பாமல், தமிழில், என் பெயருக்கே அனுப்புமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். மெதுவாகத்தான் வாசிப்பேன், ஆனால் முழுவதும் வாசிப்பேன்.

தங்கள் நேரத்தை அதிகம் எடுத்ததற்கு மன்னிப்புக் கோரி, இதில் உள்ளவை என் அறிவுக்கு எட்டிய வரை உண்மை என்று உறுதி சொல்லி ஒப்பமிடும்,

ஆ. பழனியாண்டி

இடம்: மூங்கில்மலைத் தோட்டம், பொகவந்தலாவை
திகதி: 20.9.1964

இணைப்பு: விசாரணை அறிக்கையின் பிரதி ஒன்று, மரணச் சான்றிதழின் பிரதி ஒன்று, பொன்னையா கையொப்பமிட்டும் அழகம்மா கைநாட்டு வைத்தும் தந்த சாட்சிக் கடிதம் ஒன்று. அழகம்மாவின் கைநாட்டுக்கு முன் கடிதம் முழுவதும் அவளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டப்பட்டது.